குட்டி, மாப்பிள்ளை, சம்பந்தி

எங்கள் கம்பெனி வண்டிகளுக்கு எழுத்தும் எண்ணுமாகத்தான் பெயர். ஒன்றும் வாயில் நுழையாது. அதனால் ஷோரூமில் நாங்களாகவே பட்டப்பெயர் வைத்துக்கொண்டோம். சின்னது குட்டி. எந்தச் சந்திலும் நுழையும், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், ஆனால் நாலு பேர் ஏறினால் மூச்சு முட்டும். நடுவில் இருப்பது மாப்பிள்ளை. பளபளப்பு, பெரிய டிக்கி, உள்ளே தொட்ட இடமெல்லாம் பட்டன், மேடு வந்தால்தான் வண்டவாளம் தெரியும். பெரியது சம்பந்தி. ஏழு பேர் உட்காரலாம். வந்து நின்றால் வாசல் முழுக்க அவர்தான், கொஞ்சம் மரியாதை குறைந்தாலும் முறுக்கிக்கொள்வார்.

இந்தப் பெயர்கள் வாடிக்கையாளர் காதில் விழக் கூடாது என்பது மேலாளர் உத்தரவு. மேலாளர் வாயைத் திறந்தால் 'டார்கெட்' தவிர வேறு வார்த்தை வராது என்பதால் அவருக்குப் பெயர் டார்கெட். அது அவர் காதில் விழக் கூடாது என்பது எங்கள் ஏற்பாடு.

எனக்கு நாற்பத்துமூன்று வயது. பதினெட்டு வருஷமாக வண்டி விற்கிறேன். வாய் கொஞ்சம் நீளம். போன வருஷம் ஒருவர் பத்தாவது முறையாக வந்து எல்லா வண்டியிலும் ஏறி இறங்கிவிட்டு, "யோசிச்சு சொல்றேன்" என்றார். "சார், நீங்க வண்டி வாங்க வர்றீங்களா, ஏசி காத்து வாங்க வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அன்றைக்கே டார்கெட் என்னைத் தூக்கி மாடியில் போட்டார். அங்கே ஆறேழு பேர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இணையத்தில் விசாரிப்பவர்களுக்குப் பதில் தட்டுகிறோம். எழுதும்போதாவது இவளுக்கு மரியாதை வரும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. என் பெயர் அங்கே 'ஆலோசகர் ஏழு'. சொந்தப் பெயர் சொல்லக் கூடாது. எதிர்ப்பக்கம் இருப்பவர் பெயரும் எங்களுக்குத் தெரியாது, வண்டியை புக் செய்கிற வரைக்கும் அவர்கள் வெறும் விசாரணை எண்தான்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. சாப்பிட்டுவிட்டு வந்து கண் சொக்கிக்கொண்டிருந்த நேரம். புது விசாரணை ஒன்று வந்து விழுந்தது.

"வணக்கம். குடும்பத்துக்கு ஒரு வண்டி பாக்கறேன். உங்க மூணு மாடலுக்கும் என்ன வித்தியாசம்? பின்னாடி ரெண்டு குழந்தை சீட் வைக்கணும். அப்புறம், பஞ்சாயத்து சீட்டுக்கு பெல்ட் இருக்கா?"

பின்னாலேயே இன்னொன்று. "மன்னிக்கணும். பின்சீட்ல நடு இடத்தை சொன்னேன். எங்க வீட்டுல அப்படி சொல்லிப் பழகிடுச்சு."

தூக்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

எங்கள் அப்பா தையல் மெஷின் பழுது பார்ப்பவர். அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. முன்சீட்டில் எப்போதும் ஒரு மெஷின் உட்கார்ந்திருக்கும், அதனால் நாங்கள் மூன்று பேரும் பின்னால். ஒரு ஜன்னல் எனக்கு, ஒரு ஜன்னல் தங்கைக்கு, இரண்டு பேரும் அடித்துக்கொள்ளாமல் இருக்க நடுவில் அம்மா. "எனக்குன்னு வாய்ச்சது இந்த பஞ்சாயத்து சீட்தான், சாகற வரைக்கும் தீர்ப்பு சொல்லிக்கிட்டே இருக்கணும்" என்பாள் அம்மா. இந்த வார்த்தை தெரிந்தவர்கள் உலகத்தில் மொத்தம் நாலு பேர். இரண்டு பேர் போய்விட்டார்கள். மூன்றாவது நான்.

நாலாவது ஆளோடு நான் பேசி ஆறு வருஷம் ஆகிறது.

சொல்லிவிடுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது. அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதமும் கூட இருந்து பார்த்துக்கொண்டது தங்கைதான், அதுவும் கைக்குழந்தையோடு. நான் வாரம் ஒரு தடவை எட்டிப் பார்ப்பேன். கடைசி நாளன்று எனக்கு மாதக் கடைசி, ஒரே நாளில் ஏழு டெலிவரி. அவள் ஐந்து தடவை கூப்பிட்டிருந்தாள். நான் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரர்கள் எல்லோரும் நிற்கிறார்கள். "இப்பத்தான் நேரம் கிடைச்சுதா?" என்று அவள் அழுதுகொண்டே கேட்டாள். என் மேலேயே எனக்கு இருந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் அவள் மேல் கொட்டினேன். "நீ கூட இருந்து பாத்துக்கிட்ட லட்சணம்தான் தெரியுதே, கொன்னுட்டு வந்து என்னைக் கேள்வி கேக்கறியா?" என்றேன். அத்தனை பேர் முன்னாலும்.

அவள் திருப்பி ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு வீடு மாறினாள், எண்ணை மாற்றினாள். நான் என் எண்ணை மாற்றவில்லை. நானும் வேறு கம்பெனிக்கு வந்துவிட்டேன், அது அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

இப்போது என்ன செய்வது? 'நான்தாண்டி' என்று எழுதலாம். எழுதினால் அந்த நிமிஷமே உரையாடல் ஜன்னலை மூடிக்கொண்டு போய்விடுவாள், அது எனக்கு நிச்சயம். எனக்கு அவள் வேண்டும். வேறெதுவும் வேண்டாம், அவள் போகாமல் இருக்க வேண்டும். கம்பெனி சொல்லிக்கொடுத்த தமிழில் தட்டினேன்: "வணக்கம். நான் ஆலோசகர் ஏழு. தங்களுக்கு உதவுவதில் மகிழ்ச்சி. குழந்தைகளின் வயதை அறியலாமா?"

"பெரியவளுக்கு ஏழு. சின்னவளுக்கு நாலு."

பெரியவளை எனக்குத் தெரியும். என் தோளில் வாந்தி எடுத்திருக்கிறாள். சின்னவள்? நாலு வருஷமாக என் தங்கைக்கு இன்னொரு பெண் இருந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். திரும்பி வந்து, சின்னவளுக்கு முன்பக்கம் பார்க்கிற மாதிரி இருக்கை போதும் என்று எழுதினேன்.

எங்கள் விதிப்படி ஒரு விசாரணைக்கு ஆயுசு இருபத்தொரு நாள். அதற்குள் வாடிக்கையாளர் ஒரு மாடலைத் தேர்ந்தெடுத்துவிட்டால் டெலிவரிப் பிரிவு எடுத்துக்கொள்ளும். தேர்ந்தெடுக்காவிட்டால் ஜன்னல் தானாக மூடிக்கொள்ளும். இரண்டில் எது நடந்தாலும் எனக்கு அவள் போய்விடுவாள். அதனால் நாளை இழுக்க, ஒப்பிட ஆரம்பித்தேன். பதினெட்டு வருஷத்தில் இப்படி ஒரு ஒப்பீட்டை நான் யாருக்கும் செய்ததில்லை.

மதிய இடைவேளைகளில் டேப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்குவேன். மூன்று வண்டியிலும் ஏறி, பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்து பார்த்தேன். குட்டியில் நடு இடத்துக்கு இடுப்பில் கட்டுகிற பெல்ட் மட்டும்தான், காலுக்கு நடுவே தரை மேடாக வேறு எழும்பி நிற்கும். மாப்பிள்ளையில் முழு பெல்ட் உண்டு, ஆனால் இரண்டு பக்கமும் குழந்தை சீட் வைத்துவிட்டால் மிஞ்சுகிற இடத்தில் ஒரு கைப்பைதான் உட்காரும். சம்பந்தியில் தாராளம். இரண்டு முழங்கையையும் மடக்காமல் உட்காரலாம், இரண்டு பக்கமும் கிள்ளுகிற கைகளைத் தட்டிவிடலாம். அங்கே கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். "என்னக்கா, வண்டிக்குள்ளயே குடித்தனம் வந்துட்டீங்களா?" என்று கண்ணாடி துடைப்பவர் கேட்ட பிறகுதான் இறங்கினேன்.

எல்லாவற்றையும் எழுதினேன், ஆனால் ஒரே நாளில் எழுதவில்லை. இன்றைக்கு டிக்கியின் உயரம், நாளைக்கு ஜன்னல் கண்ணாடி எவ்வளவு இறங்கும், மறுநாள் சீட் துணியில் பால் கொட்டினால் கறை போகுமா. அவளும் சளைக்காமல் கேட்டாள். வீட்டுக்காரருக்கு வேறு ஊரில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார், மற்ற ஆறு நாளும் தானே ஓட்ட வேண்டும் என்றாள். ஞாயிறு மட்டும் அவர் ஓட்ட, தான் நடுவில் உட்கார வேண்டுமாம், இல்லையென்றால் இரண்டும் ஒன்றையொன்று கடித்துக் குதறிவிடுமாம்.

"எந்தக் குழந்தை முதலில் ஆரம்பிக்கும்?" என்று கேட்டுவிட்டு, வண்டிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நானே பயந்துபோனேன்.

"பெரியவதான். வாய் ஜாஸ்தி. எங்க அக்கா மாதிரியே" என்று பதில் வந்தது.

அன்று முழுக்க அந்த ஒரு வரியைத் திறந்து திறந்து பார்த்தேன். திட்டுகிறாளா, கொஞ்சுகிறாளா என்று எழுத்தில் தெரிந்து தொலைக்க மாட்டேன் என்கிறது.

எட்டாம் நாள், அவசரத்தில் "மாப்பிள்ளையை விட சம்பந்திக்கு உயரம் அதிகம்" என்று அனுப்பிவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டு விளக்கம் எழுதினேன். அவள் சிரித்த சிரிப்பு பொம்மைகளாக வரிசை கட்டி வந்தது. "ஐயோ, இது நல்லா இருக்கே! உங்களை சார்னு கூப்பிடவா, மேடம்னு கூப்பிடவா?"

"ஏழு என்றே அழைக்கலாம்."

"சரி ஏழு. உங்ககிட்ட பேசினா எங்க வீட்டு மனுஷங்ககிட்ட பேசற மாதிரி இருக்கு."

இதற்கு நான் என்ன எழுதுவது? 'தங்கள் பாராட்டுக்கு நன்றி' என்று ஒரு தயார் வாக்கியம் இருக்கிறது, பட்டனைத் தட்டினால் போதும். தட்டினேன். தட்டிவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

டார்கெட் தினமும் வந்து என் திரையை எட்டிப் பார்ப்பார். "இந்த ஒரு விசாரணைக்கு இவ்வளவு நாளா? முடிச்சு அனுப்புங்கம்மா, டார்கெட் இருக்கு" என்பார். "முடியப் போகுது சார்" என்பேன்.

பத்தொன்பதாம் நாள் அவள் முடிவோடு வந்தாள்.

"ஏழு, யோசிச்சுட்டேன். குட்டியே போதும்."

பகீரென்றது. "குட்டியில் நடு இருக்கைக்கு முழு பெல்ட் இல்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். பின்னால் பார்க்கும் கேமராவும் இல்லை" என்றேன்.

"பரவாயில்ல. ஞாயித்துக்கிழமை மட்டும்தானே. சமாளிச்சுக்கறேன்."

"விருந்தினர், உறவினர் வந்தால் இடம் போதாதே?"

"யாரு வரப்போறா ஏழு? எனக்குன்னு சொந்தம்னு சொல்லிக்க யாரும் இல்ல. நாங்க நாலு பேர்தான்."

என் கோபத்தைப் பற்றி ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். அது வரும்போது கதவைத் தட்டிவிட்டு வராது. கை தானாகத் தட்டியது, அனுப்பியும்விட்டது:

"அடியே லூசு! யாரும் இல்லையா? நான் என்ன செத்தா போயிட்டேன்? பின்னாடி பாக்காம ரிவர்ஸ் எடுத்து அப்பாவோட கடை போர்டையே சாய்ச்சவ நீ, உனக்குக் கேமரா இல்லாத வண்டி ஒரு கேடா?"

அனுப்பிய பிறகுதான் படித்தேன். திருப்பி எடுக்க முடியாது. அவள் படித்துவிட்டாள் என்று இரண்டு கோடு காட்டியது. எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று புள்ளிகள் துடித்தன, நின்றன, மறுபடி துடித்தன. பிறகு திரையின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி: 'வாடிக்கையாளர் உரையாடலை முடித்துக்கொண்டார்.'

இதே வாய்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை, இப்போது ஒரு தடவை. அம்மா இருந்திருந்தால் நடுவில் புகுந்து இரண்டு பேர் வாயையும் பொத்தியிருப்பாள். அம்மா இல்லாத ஊரில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். இன்னும் இரண்டு நாளாவது அவளோடு டிக்கி உயரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கலாம்.

ஒரு வாரம் போனது. யாராவது தட்டிச் சொன்னால் வேலை செய்வேன், இல்லையென்றால் திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். எட்டாம் நாள் டார்கெட் தன் அறைக்குக் கூப்பிட்டார். கையில் ஒரு தாள். உரையாடல்களைச் சரிபார்க்கிறவர்கள் அனுப்பியிருக்கிறார்கள்.

"வாடிக்கையாளரை 'லூசு'ன்னு எழுதியிருக்கீங்க. 'அடியே'ன்னு வேற" என்றார்.

"ஆமாம் சார்."

"பதினெட்டு வருஷ அனுபவம் உங்களுக்கு. என்னம்மா இதெல்லாம்?"

"அவ என் தங்கச்சி சார். ஆறு வருஷமா பேச்சு இல்ல." வேலை போனால் போகட்டும் என்று மீதியையும் சொன்னேன், வராந்தாவில் நான் சொன்னது உட்பட.

டார்கெட் தாளைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல் தடவையாக அந்த மனிதர் டார்கெட் என்ற வார்த்தை இல்லாமல் ஒரு முழு நிமிஷம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

"நான் இதைச் சொல்லக் கூடாது. ஆனா சொல்றேன்" என்றார். "அந்த விசாரணை எண் நேத்து புக் ஆயிருக்கு. நம்ம கிளையில இல்ல, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற கிளையில. சம்பந்தி எடுத்திருக்காங்க."

அவர் வாயிலிருந்தே பட்டப்பெயர் வந்துவிட்டது. அதைக் கேட்டுச் சிரிக்கிற நிலையில் நான் இல்லை. என் பேச்சைக் கேட்டுக் கேமரா உள்ள வண்டி வாங்கியிருக்கிறாள், என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று பாலம் தாண்டிப் போய் வாங்கியிருக்கிறாள். சரி, பிள்ளைகள் பத்திரமாக உட்காரும். அதுவே போதும் என்று சொல்லிக்கொண்டேன். போதவில்லை.

அடுத்த சனிக்கிழமை கீழே ஆள் குறைவு என்று என்னை இறக்கிவிட்டிருந்தார்கள். ஒரு தம்பதிக்கு மாப்பிள்ளையின் பட்டன்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். காலை பதினொன்றரை இருக்கும். என் போன் அடித்தது. தெரியாத எண். எடுத்தேன்.

"வணக்கம்" என்றது பதிவு செய்த ஒரு குரல். "இந்த வண்டி விபத்தில் சிக்கினாலோ, ஓட்டுபவர் ஆபத்துப் பொத்தானை அழுத்தினாலோ, முதலில் அழைக்க வேண்டிய நபராக உங்கள் எண் பதிவு செய்யப்படுகிறது. சம்மதம் என்றால் ஒன்றை அழுத்தவும்."

இந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். சம்பந்தியில் மட்டும் உள்ள வசதி இது. டெலிவரி கொடுக்கும்போது, வண்டிக்குள் உட்கார்ந்தபடியே ஒரு எண்ணைக் கொடுத்துச் சோதித்துப் பார்க்கச் சொல்வோம். யோசிக்காமல் கொடுப்பார்கள், புருஷன் எண்ணை, பெண்டாட்டி எண்ணை, தனக்கு ஒன்று என்றால் முதலில் ஓடி வருகிற ஆளின் எண்ணை.

ஒன்றை அழுத்தினேன். இரண்டு தடவை அழுத்தினேன்.

"நன்றி. உங்கள் எண் பதிவானது. இப்போது வண்டியில் இருப்பவருடன் பேசலாம்."

கரகரவென்று ஏதோ சத்தம். தூரத்தில் ஓர் ஆள், "இப்ப பேசிப் பாருங்க மேடம், லைன்ல இருக்காங்க" என்கிறார். மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு ஒரு குழந்தை, இதுவரை நான் கேட்டே இராத குரல்.

"யாரும்மா அது?"

"உன் பெரியம்மா" என்றாள் என் தங்கை.

என் முன்னால் தம்பதி இருவரும் முழிக்கிறார்கள். நான் மாப்பிள்ளையின் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா? கேக்குதா?"

"கேக்குதுடி."

இப்போதும் சும்மா இருந்தால் இன்னொரு ஆறு வருஷம் போய்விடும் என்று பயம் வந்தது.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அம்மாவை நீதான் பாத்துக்கிட்ட. நீ மட்டும்தான் பாத்துக்கிட்ட. நான் வரல. வராத கோபத்தை உன் மேல கொட்டிட்டேன். என்னை மன்னிச்சுடுடி."

"அக்கா, இரு இரு" என்றாள் அவள். குரல் உடைந்திருந்தது. "வண்டி ஸ்பீக்கர்ல இருக்க. கதவெல்லாம் தொறந்திருக்கு. இங்க எல்லாரும் கேட்டுக்கிட்டு நிக்கறாங்க."

"கேக்கட்டும்" என்றேன். "அன்னைக்கும் எல்லாரும்தானே கேட்டாங்க."

இன்னொரு தடவை, முதலிலிருந்து, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.